நஸ்ருன்னிசா கொஞ்சம் தள்ளித்தான் வருவார்

தெருமுனை ஈ.பி. பெட்டியின் மறைவுக்கு வந்ததும் நஸ்ருன்னிசா முதலில் பையைக் காலிசெய்வார். டிபன் டப்பா, மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், முட்டிவலித் தைலம் எல்லாம் சிமெண்டுத் திட்டில் இறங்கும். பிறகு பையின் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். சிவப்பு எழுத்தில் நகைக்கடைப் பெயர் போட்ட மஞ்சள் பை, யாருடையது என்று சொல்ல முடியாத வெளுத்த பையாக மாறும். சாமான்கள் மறுபடி உள்ளே போகும். கண்ணாடி வளையல்களை முன்கையில் மேலே ஏற்றிக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டுவார். சேலைத் தலைப்பு தலைக்கு ஏறும். கடைசியில் செருப்பு. குதிகாலில் தட்டிச் சத்தம் போடாமல் இருக்கக் கால்விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்து பார்ப்பார். அதற்குள் பரத்வாஜ் இளநீர் வண்டியைத் தாண்டியிருப்பான். நஸ்ருன்னிசா அவன் பின்னால் கிளம்புவார்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மந்தைவெளியின் அந்தத் தெருமுனை முழுக்கத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள்தான் நான் தரமணி அலுவலகத்துக்குப் போக வேண்டும்; மற்ற நாட்களில் வீட்டிலேயே வேலை. காலையில் ஒரு கவிதைப் புத்தகத்தோடு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்பேன். ஐம்பதை ஒட்டிய ஒரு பெண், இருபத்தாறு வயது ஆண் ஒருவனைத் தினமும் அடையாளம் மாற்றிக்கொண்டு பின்தொடர்வதைப் பார்த்த பிறகு எந்த வரியிலும் கண் நிற்கவில்லை.

பரத்வாஜ் எங்கள் குடியிருப்பின் முதல் மாடிக்குப் பொங்கல் முடிந்து குடிவந்தவன். கற்றுக்கொள்வதில் மெதுவானவன். சட்டைப் பொத்தானைப் போட அவனுக்கு ஒரு பாட்டு நேரம் ஆகும். ஆனால் ஒன்றைக்கூட மாற்றிப் போட மாட்டான். அப்பா எப்போதோ போய்விட்டார். அவனுக்குத் தலைசீவிவிட்டுச் சாதம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவும் போன வருஷம் போய்விட்டார். அண்ணன் சாய்சரண் பெங்களூரில் வேலையில் இருக்கிறார். இப்படிப்பட்ட இளைஞர்களைத் தனிக் குடித்தனம் வைத்து வாழப் பழக்குகிற சின்ன அமைப்பு ஒன்று இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தது. லஸ் பக்கம் ஒரு காபித்தூள் கடையில் பொட்டலத்துக்கு லேபிள் ஒட்டும் வேலையும் வாங்கிக் கொடுத்தது. பழக்கிவிட அந்த அமைப்பு அனுப்பிய ஆள் நஸ்ருன்னிசா. விடியற்காலையில் ராயப்பேட்டையிலிருந்து வருவார், விளக்கு வைக்கும் முன் போய்விடுவார்.

வேம்பு மாமா குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வாயிற்கதவைத் தாண்டும் எவரையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். அவர் என்னிடம் முதலில் சொன்னது: "ஒரு வேலையும் செய்ய மாட்டேங்கறா ஓய் அந்தப் பொம்மனாட்டி. அந்தப் பிள்ளை துணி தோய்க்கறது, ரசம் வைக்கறது, பெருக்கறது. இவ ஸ்டூலைப் போட்டுண்டு வேடிக்கை பாக்கறா. இதுக்கு ஒரு சம்பளம் வேற."

நான் பார்த்தவை அதைவிட மோசமாக இருந்தன. ஒருநாள் பரத்வாஜ் குளிக்கும் நேரத்தில், வாசலில் கிடந்த அவன் செருப்பை நஸ்ருன்னிசா இரண்டு விரலால் தூக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். படிக்கட்டு வளைவில் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. இன்னொரு நாள் கீழே வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து, அந்த வீட்டு ஃப்யூஸை மட்டும் பிடுங்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல மாடியேறிப் போனார். ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டு உப்பு ஜாடி காவலாளியின் அறை ஜன்னலில் இருந்தது. சத்தமில்லாமல் பேசுகிறவர்களைப் பற்றியும் சத்தமில்லாமல் நடக்கிறவர்களைப் பற்றியும் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நானும் அப்படி ஒருவன் என்பதால்.

செருப்பு காணாமல்போன அன்று பரத்வாஜ் வாசலில் வெகுநேரம் நின்றான். செருப்பு இருந்த இடத்தையே பார்த்தான். உள்ளே நஸ்ருன்னிசா இருப்பது தெரியும், கேட்கவில்லை. வெறுங்காலோடு படியிறங்கிவிட்டான். கீழே வேம்பு மாமா வழிமறித்து, "டேய் அம்பி, கால் பொசுங்கிடும்டா, இந்தா" என்று தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த நொடி நஸ்ருன்னிசா படிகளில் ஒரு காலை முன்வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தடதடவென்று இறங்கி வந்தார்.

"யாரு செருப்பு குடுத்தது?"

"நான்தான் குடுத்தேன். கொழந்தை வெறுங்காலோட போறது, பாத்துண்டு நிக்கச் சொல்றியா?"

"கொழந்தயா? மீசய பாரு சாமி. உன் மீசயவிட தடியா கீது. செருப்ப கழட்டி வாங்கிக்க."

"நீ யாரு எனக்கு உத்தரவு போட?"

"வாங்கிக்கன்றேன்ல? நீ இன்னிக்கு குடுப்ப. நாளிக்கு நீ ஊருக்குப் போய்ட்டா யாரு குடுப்பா?"

பரத்வாஜ் தானாகவே செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்தான். வேம்பு மாமாவின் காதுகள் சிவந்துவிட்டன. "இவ அவனை ஏதோ பண்றா. நீ ஆத்துலதானே இருக்கே? ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாரேன்" என்றார். மறுக்கத் தெரியாததால் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் தெருவிலிருந்து ஒரு விசித்திரமான ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பரத்வாஜ், முதுகில் பை, நடைபாதையின் ஓரக்கல் மேல் கால் வைத்துக் கால் வைத்து. ஒரு பேருந்து நீளம் தள்ளி, மரத்துக்கு மரம் ஒதுங்கியபடி நஸ்ருன்னிசா. அவருக்குப் பின்னால், கடைப்பலகைகளைப் படிப்பது போன்ற பாவனையில் நான். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்பு ஒன்று திரும்பும் இடத்தில் நஸ்ருன்னிசாவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"இன்னா கண்ணாடி, பொம்பள பின்னாடி வர்றியா?"

எதையோ முணுமுணுத்தேன்.

"வாய்ல இன்னா வெச்சினுகீற? துப்பிட்டுப் பேசு."

"வேம்பு மாமா…"

"அவரு அனுப்பிச்சாரா? அதானே, உனக்கு அவ்ளோ தெகிரியம் ஏது. சரி, நட நட. நின்னா கேள்வி கேப்பாங்கோ. நடந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

நடந்தோம். கண்ணை பரத்வாஜின் முதுகிலிருந்து எடுக்காமலேயே நஸ்ருன்னிசா தன் தொழிலைச் சொன்னார். செருப்பை எடுப்பது, உப்பை ஒளிப்பது, ஃப்யூஸைப் பிடுங்குவது எல்லாம் பாடம். ஒன்று குறைந்தால் வாய் திறந்து கேட்க வேண்டும். "அவங்கம்மா கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தியும் கையில குடுத்துட்ச்சு. இவனுக்கு கேக்கணும்ன்ற ஐடியாவே கிடையாது. உப்பில்லாம சாப்டறான் நைனா, நாலு நாளா! கரண்டு இல்லாம இருட்டுல உக்காந்துனு கீறான். பக்கத்து வீட்ல போய் 'எங்க வீட்ல லைட் எரில'ன்னு ஒரு வார்த்த? ஊஹூம். ரோட்ல ஒண்ணு ஆய்ட்ச்சுன்னு வெய்யி, யாராண்ட போய் கேப்பான்? அத்த கத்துக்கினா தனியா இருக்கலாம். கத்துக்கலேன்னா அண்ணங்காரன் தூக்கினு போய்டுவான்."

இந்த மாதக் கடைசியில் சாய்சரண் வந்து பார்க்கப்போகிறார். தம்பி தனியாக வேலைக்குப் போய்வருகிறான் என்று அவருக்குத் தோன்றினால் இந்த வீடு நீடிக்கும். தோன்றாவிட்டால் பெங்களூர்.

பரத்வாஜ் லஸ் சிக்னலுக்குப் போய்ச் சேர்ந்தான். நடுவில் ஒரு போக்குவரத்துக் காவலர் வெயில் குடையின் கீழ் நின்றிருந்தார். நடப்பவர்களுக்கான பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள். பரத்வாஜ் கடக்கவில்லை. பக்கத்துச் செல்போன் கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றான். இன்னொரு பச்சையும் வந்து போயிற்று. பூ வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நஸ்ருன்னிசா பல்லைக் கடித்தார்.

"பாத்தியா? இதான் பேஜாரு. வீட்லேர்ந்து இதுவரிக்கும் ஷோக்கா வருவான். இங்க வந்து ஆணி அடிச்சா மாதிரி நின்னுடறான். அந்தக் கடைல செல்போன் பாக்கறான்னு நெனச்சேன். இல்ல. பயம். நான் கொஞ்சம் கிட்ட போனா போதும், எங்கேர்ந்தோ தெகிரியம் வந்து கிராஸ் பண்ணிடுவான். எப்டியோ தெரிஞ்சிடுது அவனுக்கு."

சொன்னபடியே ஆயிற்று. நஸ்ருன்னிசா பூ வண்டியை விட்டு நகர்ந்து சாலையோரத்துக்குப் போனார். அடுத்த பச்சையில் பரத்வாஜ் கையை உயர்த்தியபடி நேராகக் கடந்து போனான். நஸ்ருன்னிசாவும் பின்னாலேயே, ஒரு காலை இழுத்துக்கொண்டு.

அன்று முதல் என் சந்தேகம் நீங்கியது என்று சொல்ல மாட்டேன். இடம் மாறியது. இவர் உண்மையிலேயே பழக்குகிறாரா, இல்லை, பழக்குவதாக நம்பிக்கொண்டிருக்கிறாரா?

நஸ்ருன்னிசா எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். பால் பாக்கெட்டின் தேதியை நம்பாமல் மூலையைக் கத்தரித்து மோந்து பார்ப்பார். சிலிண்டர் போட வந்த ஆளிடம் அவன் முதலாளியின் பெயரைக் கேட்பார். என் கையிலிருந்த புத்தகத்தை ஒருநாள் வாங்கிப் புரட்டினார். "இன்னா இது, ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் கீது? மிச்ச காயிதத்துக்கும் சேத்தா காசு வாங்கினான்? ஏமாத்திட்டானுங்க உன்ன." ஆனால் கெட்டவர்களைவிட நல்லவர்கள்மீதுதான் அவருக்குச் சந்தேகம் அதிகம். சாக்லேட் கொடுக்கிறவர்கள், கன்னத்தைத் தட்டுகிறவர்கள், 'பாவம்' என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் யாரும் அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்ட முடியாது. "கெட்டவன் வந்தா இவன் கத்துவான். நல்லவன் வந்தாதான் பேஜாரு. கைய புட்ச்சினு கூடவே போய்டுவான்."

இந்தப் பாடம் மட்டும் பரத்வாஜுக்கு நன்றாகவே ஏறியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் அம்மா கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலோடு போய் அழைப்புமணியை அழுத்தினேன். கதவின் துளைக்கு அப்பால் ஒரு கண் வந்தது.

"யாரு?"

"மேல் வீடு."

"எதுக்கு?"

"பொங்கல் கொண்டுவந்திருக்கேன்."

"எதுக்குப் பொங்கல்?"

தூக்குப்பாத்திரத்தைத் துளைக்கு நேராக உயர்த்திக் காட்டினேன். உள்ளிருந்து நஸ்ருன்னிசாவின் குரல்: "அப்டி கேளு!" கதவு திறக்கவே இல்லை. தூக்குப்பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் கழுவித் துடைத்த பாத்திரம் எங்கள் வாசலில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

சிக்னல் விஷயத்தில் நஸ்ருன்னிசா ஒரு முடிவுக்கு வந்தார். பரத்வாஜ் அவரை மோப்பம் பிடிக்கிறான். தினமும் முட்டியில் தேய்க்கிற தைலத்தின் நெடி, காற்று வாட்டத்தில் அவனுக்குப் போகிறது. அவர் வரும் வாசனை வந்த பிறகே கடக்கிறான். "காபிக்கொட்ட வாசன பழகின மூக்கு. சும்மாவா?" தைலத்தை நிறுத்திவிட்டார். பையிலிருந்து புட்டி காணாமல்போயிற்று.

நிலைமை இன்னும் மோசமாயிற்று. முட்டி வீங்கியது. நடை தளர்ந்தது. இரண்டு மரங்களுக்கு இடையில் ஒருமுறை நின்று மூச்சுவிட்டார். பரத்வாஜ் சிக்னலில் நிற்கும் நேரமோ நீண்டுகொண்டே போனது. எத்தனை பச்சை போனாலும் அசையாமல் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றான். காபித்தூள் கடையிலிருந்து, ஏன் தாமதம் என்று கேட்டு அமைப்புக்கு போன் வந்துவிட்டது. "வாசனயும் இல்ல, தெகிரியமும் இல்ல" என்றார் நஸ்ருன்னிசா. முதல்முறையாக அவர் குரலில் பயத்தைக் கேட்டேன். அவர் பழக்கிவிட்டவர்களில் யாரும் இதுவரை வீட்டுக்குத் திரும்பிப் போனதில்லை என்று எப்போதோ பெருமையாகச் சொல்லியிருந்தார்.

சாய்சரண் மாதக் கடைசி சனிக்கிழமை விடியற்காலை வந்தார். தம்பிக்குச் சொல்லாமல் காரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டுக் கீழே வந்து நின்றார். மென்மையான மனிதர். மாடியையே அடிக்கடி அண்ணாந்து பார்த்தார். நஸ்ருன்னிசா கிளம்பத் தயாரானபோது கையெடுத்துத் தடுத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நீங்க பின்னாடி இருந்து ஏதாவது சைகை காட்றீங்களோன்னு எனக்கு ஒரு… இன்னிக்கு மட்டும் நீங்க வர வேண்டாம்."

நஸ்ருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்பட்டதற்குக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் தெரிந்தது மரியாதை. "கரெக்ட்டுதான் சார். நானா இருந்தாலும் அப்டிதான் நெனைப்பேன்" என்று, காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து வீங்கிய காலை ஒரு செங்கல் மேல் நீட்டிக்கொண்டார். அவர் போய்விடாமல் இருக்க எதிரில் வேம்பு மாமா உட்கார்ந்தார்.

"நான் ஓடியா போவப்போறேன்? காலப் பாரு சாமி."

"அதெல்லாம் தெரியாது. எனக்கு இங்கே காத்து வரது, உக்காந்திருக்கேன்."

பரத்வாஜ் இறங்கி வரும் சத்தம் கேட்டதும் நஸ்ருன்னிசா நாற்காலியோடு காவலாளி அறைக்குள் நகர்ந்துவிட்டார். முன்பே இறங்கிவிட்ட அவரிடம் எல்லா நாளும் போல அவன் மேலேயே விடைபெற்றிருந்தான். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். சாய்சரணும் நானும் பின்தொடர்ந்தோம். தம்பி தெருவைக் கடப்பதையும், வளைவில் வந்த ஆட்டோவுக்காக ஒதுங்கி நிற்பதையும் பார்த்தபோது அண்ணனின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "பரவாயில்லையே. பரவாயில்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் சம்மதிக்கத் தயாராகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

சிக்னல் வந்தது. அன்று காவலர் இல்லை. குடை மட்டும் மடக்கிக் கட்டப்பட்டிருந்தது. பச்சை விழுந்தது. பரத்வாஜ் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றான். அடுத்த பச்சை. அடுத்தது. சாய்சரண் என் தோளைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. அப்போது பரத்வாஜ் நான் ஒருநாளும் பார்த்திராத ஒன்றைச் செய்தான். முழு உடம்பையும் திருப்பி, வந்த வழியைப் பார்த்தான். நாங்கள் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் குனிந்துகொண்டோம். அவன் பார்வை பூ வண்டியில் நின்றது. மரங்களில் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு காபித்தூள் கடைப் பக்கமாகப் போகாமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். எங்களைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை அவனுக்கு. அத்தனை வேகமாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை.

மூச்சிரைக்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் வாயிலில், நஸ்ருன்னிசாவின் முன்னால் நின்றிருந்தான். அவருடைய காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, நீ வரலியா?"

நஸ்ருன்னிசா வாயைத் திறப்பதற்குள் சாய்சரண் முந்திக்கொண்டார். "போறும். கேட்டாச்சு. இவங்க இல்லாம ஓரடி எடுத்து வைக்க மாட்டேங்கறான்."

"இன்னும் ஒரு மாசம் குடு சார்."

"ஒரு மாசத்துல என்ன மாறிடும்?"

"தெரியாது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ராத்திரி போன் அடிச்சாலே எனக்கு மூச்சு நின்னுடறதும்மா. அங்கே அவனுக்குத் தனி ரூம் இருக்கு. ஏ.சி. இருக்கு, டீவி இருக்கு."

"ரூம் கீது சார். கதவத் தொறந்தா எங்க போவான்?"

வேம்பு மாமாகூட அன்று தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பரத்வாஜ், "அண்ணா, கடைக்கு நேரமாச்சு" என்றான். இன்று போக வேண்டாம் என்று சாய்சரண் சொன்னார். நாளைக்குப் போகலாமா என்று பரத்வாஜ் கேட்கவில்லை. கேட்பது அவன் வழக்கமில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நஸ்ருன்னிசா என் பக்கம் திரும்பிப் பல்லிடுக்கில் கேட்டார்: "நீ இன்னா பண்ண? அவன் கண்ணுல பட்டியா? நெஜத்த சொல்லு." இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் கிளம்பினார்கள். பரத்வாஜ் தன் துணிகளைத் தானே மடித்து அடுக்கியிருந்தான். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை நஸ்ருன்னிசாவிடம் கொடுத்தான். அவர் அவனைத் தொடவில்லை, அழவில்லை. அண்ணனின் சொந்தக் கார்தான், ஓட்டுபவர் அண்ணன்தான்; இருந்தும் பின்னால் போய் நம்பர் பலகையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்தார். அடுத்த மாதம் மாளவிகா என்றொரு பெண் குடிவரப் போகிறாளாம். அலமாரியின் பின்னால் காபித்தூள் கடையின் ஏப்ரன் ஒன்று கிடந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம், கூட வா என்றார். ஒளியாமல், நடைபாதையின் நடுவில் நடந்தோம். ஏப்ரனிலிருந்து சிக்கரி வாசனை வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அவர் பேசவில்லை. லஸ் சிக்னலுக்கு வந்து நின்றதும் போக்குவரத்துக் காவலர் குடையை விட்டு எங்களை நோக்கி வந்தார்.

"ஏம்மா, தெனம் அந்தப் பூ வண்டி பின்னாடி ஒளிஞ்சு நிப்பீங்களே, அது நீங்கதானே?"

"ஏன், இன்னா இப்போ?" நஸ்ருன்னிசா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. காபிக்கடைத் தம்பிய காணோமே. உடம்பு சரியில்லையா?"

"பெங்களூரு போய்ட்டான். அவன உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எனக்கு எங்கம்மா தெரியும்? அவன்தான் வந்தான். ரெண்டு மாசம் இருக்கும், ஒரு நாள் சாயங்காலம் கடைலேர்ந்து திரும்பறப்ப. நேரா ரோட்டுக்கு நடுவுல, என்னாண்ட வந்து நின்னு, 'சார், பச்சையைக் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் வெக்க முடியுமா?'ன்னான். எதுக்குப்பான்னேன். தெனம் காலைல பின்னாடி ஒரு அக்கா வரா, முட்டி வலி, வேகமா நடக்க முடியாது, பாதி ரோட்ல மாட்டிப்பான்னான். அது தானா மாறுதுப்பா, என் கையில ஒண்ணுமில்லன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். சரி, நானே நிக்கறேன், அக்கா ஓரத்துக்கு வந்தப்புறம் போறேன்னான். அதுலேர்ந்து அந்தக் கடைக் கண்ணாடில பார்த்துக்கினே நிப்பான். அக்காகிட்ட சொல்லிடாதீங்கோ, அவ வரது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டிருக்கா, அப்டின்னு வேற சொன்னான்." காவலர் சிரித்தார்.

நஸ்ருன்னிசா சிரிக்கவில்லை.

"நீங்க கூப்ட்டீங்களா அவன?"

"இல்லம்மா."

"ஏன்டா நிக்கறேன்னு நீங்க கேட்டு, அதுக்கு அவன் சொன்னதா?"

"நான் ஏன் கேக்கறேன்? அவனா வந்தான்."

"அவனா. வாயத் தொறந்து. தெரியாத ஆளாண்ட."

"ஆமாம்மா. எத்தன தடவ கேப்பீங்க?"

பச்சை விழுந்தது. காவலர் எங்களுக்காகக் கையை நீட்டி ஒரு மாநகரப் பேருந்தை நிறுத்தினார். நஸ்ருன்னிசா சாலையில் இறங்கவில்லை. ஏப்ரனை என் தோளில் போட்டுவிட்டு செல்போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் சாய்சரணின் குரல் கேட்டதும், "சார், நான் பேசல. நான் சொன்னா நீ நம்பமாட்ட" என்று சொல்லி, போனைக் காவலரின் கையில் திணித்தார்.